பூச்சியா, மூச்சா

"ஷ்ஷ்..." என்றான் அவன், அரங்கத்தைப் பார்த்து.

அந்த அரங்கில், படத்தின் அந்த இடத்தில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தே நின்று பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணும் திரும்பினாள். திரையிலிருந்து வழிந்த பச்சை வெளிச்சம் அவள் கண்களுக்குள் போய்க் கொஞ்ச நேரம் தங்கியது... திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவளோ, வழி தவறி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"முதல் தடவையா?"

"ஆமா."

"அதான்... சத்தம் போட வேண்டிய இடத்துல 'உஷ்'ஷுங்கறீங்க."

படத்தின் பெயர் 'பச்சைக் கோளின் ராணி'. அவன் பிறப்பதற்கு முன்பே வந்து, வந்த வாரமே போன படம். ராக்கெட்டாக நடித்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. ராட்சதனின் முதுகில் ஜிப் தெரியும். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, பின்னால் விளக்கு வைத்துச் செய்த வானத்தில் ஒரு காட்சியில் பல்லி ஒன்று நிதானமாக ஊர்ந்து போகும். அண்டத்தைக் கடந்து போகும் அந்தப் பல்லிக்குக் கதாநாயகனைவிடக் கைதட்டல் அதிகம். பல வருடங்களாக ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இந்தப் படத்தைப் போடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் அரங்கு நிறைகிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மௌனம். ராணி தெர்மோகோல் பாறையில் சாகக் கிடக்கிறாள். கதாநாயகன் தலைக்கவசத்தோடு குனிந்து ஏதோ சொல்கிறான். கவசத்தின் கண்ணாடிக்குள் உதடுகள் அசைகின்றன... சத்தம் இல்லை. படம் வந்த நாளிலிருந்தே அந்த இடத்தில் ஒலி இல்லை. அடுத்த நொடி ராணி கண்ணைத் திறந்து, "அப்படியா..." என்று நாணுகிறாள். காணாமல் போன அந்த ஒரு வரியை அரங்கம் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். "கேஸை அணைச்சியா?" என்பார் ஒருவர். "உங்கம்மா போன் பண்ணாங்க!" என்பார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் ராணி நாணுவாள்.

அங்கே ஒலி இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது அவன் தொழில். இரைச்சலை நீக்குவான், விரிசலைப் பூசுவான், ஓட்டையை அடைப்பான். இந்தப் படமும் இப்போது அவன் மேசைக்கு வந்திருந்தது. புதுப்பித்து வெளியிடப் போகிறார்கள். இவ்வளவு மட்டமான படத்துக்கு ஏன் ஆள் வருகிறது என்று பார்க்கத்தான் வந்தான். அந்த மௌனத்துக்கு அடியில் ஏதாவது முணுமுணுப்பு மிஞ்சியிருக்கிறதா என்று கேட்கும் ஆசையில் தொழில்புத்தி முந்திக்கொண்டது... "ஷ்ஷ்" என்றுவிட்டான்.

ஆனால் அவன் காது வேறொன்றைப் பிடித்திருந்தது. எல்லோரும் கத்தத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே பக்கத்தில் ஒரு சிரிப்பு. இந்தப் பெண்ணும், அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பெண்ணும். இருவரும் கைவிரல்களால் வேகவேகமாகச் சண்டை போட்டுக்கொண்டே சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அரங்கத்தின் ஜோக்குக்கு அல்ல.

அப்படியென்றால் எதற்கு?

வெளியே வந்தபோது மழை. முகப்பின் தகரக் கூரை படபடத்தது. கூட்டம் சுவரோரமாக ஒண்டிக்கொண்டது. தெருவில் இறங்கப் பார்த்துத் திரும்பி வந்து அவன் குடையை உதறியபோது தண்ணீர் முழுவதும் அவள் காலில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கும் சாக்கில் கேள்வியையும் கேட்டுவிட்டான்.

அவள் உடனே சொல்லிவிடவில்லை. கூடச் சிரித்தவள் அவள் அக்கா; அவள் பக்கம் திரும்பி விரல்களால் ஏதோ கேட்டாள். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோலத் தலையசைத்தாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பாள். தங்கைக்கும் அவளோடு வளர்ந்ததில் பாதி கைவந்திருந்தது. கதாநாயகனின் உதடு சொல்வதைச் சின்ன வயதிலேயே இருவரும் படித்துவிட்டார்கள். படித்ததில்தான் தகராறு.

"அவர் சொல்றது, 'உள்ளே மூச்சு இருக்கு'. ராணி இன்னும் சாகலன்னு கண்டுபிடிச்சிட்டார். எவ்வளவு அழகான வசனம்... இவ ஒத்துக்க மாட்டா. இல்லவே இல்ல, 'உள்ளே பூச்சி இருக்கு'ங்கறா. தலைக்கவசத்துக்குள்ள பூச்சி புகுந்துடுச்சாம். டைரக்டர்கிட்ட புகார் பண்றாராம்."

"ரெண்டும் ஒண்ணாவா தெரியும்?"

"ப-வும் ம-வும் உதட்டுல ஒண்ணுதான். நீங்களே சொல்லிப் பாருங்க. சத்தம் வரக்கூடாது."

போஸ்டர் சட்டத்தின் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டு அவன் சத்தமில்லாமல் சொன்னான். பூச்சி... மூச்சு... பூச்சி... இருபது பேர் ஒண்டியிருந்த இடத்தில் ஒருவன் கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், கண்கள்தான் அடங்கவில்லை. மழைத்துளி நின்ற இமைகளோடு அந்தக் கண்கள் சிரித்தபோது, சத்தமே இல்லாத ஒன்று இவ்வளவு தெளிவாகக் கேட்குமா என்று அவனுக்குத் தோன்றியது...

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள் என்பதை அன்றே தெரிந்துகொண்டான். அடுத்த வாரமே அவன் பார்வை மங்கிவிட்டது.

கடையின் பின்னால் சின்ன அறை. எழுத்துப் பலகை நாற்காலிக்குப் பின்சுவரில் இருந்தது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தைத்தான் படிக்க வேண்டும். அவன் முதல் வரியின் பெரிய எழுத்தையே தடுமாறித் தடுமாறித் தப்பாகச் சொன்னான். அவள் நாலைந்து வில்லைகளை மாற்றினாள். எதுவும் உதவவில்லை. கடைசியில், பலகை ரொம்பப் பழசாக இருக்கிறதே, அச்சகத்தின் பெயர்கூட மங்கிவிட்டதே என்று கரிசனத்தோடு கேட்டான்.

அவள் வில்லைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

"சார்... மேல யானை மாதிரி இருக்கற எழுத்து தெரியல. அடியில எறும்பு மாதிரி இருக்கற அச்சகம் தெரியுது. இதுக்கு என்கிட்ட கண்ணாடி இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"வாசல் இருக்கு. நேரா போனா வலது பக்கம்."

போனான். வாசலில் நின்றான். கடை மூடும் நேரத்தில் அவள் வெளியே வந்தபோது, எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லியிருந்தான். ஒன்று ஆறியிருந்தது. ஆறியதை அவளே எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏன் அந்தப் படம், ஏன் மறுபடி மறுபடி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் சலிக்காமல் பதில் தேடினாள். ஒருநாள், அதில் யாரும் நம்மை ஏமாற்ற முயலவில்லை, தண்ணீர்த் தொட்டியைக் காட்டி 'இது ராக்கெட், நம்பிக்கோங்க' என்று கெஞ்சுகிறார்கள், கெஞ்சுகிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது என்றாள். இன்னொரு நாள், பல்லிக்காக என்றாள். அவன் தன் பங்குக்கு, பேச்சு நிற்கும் இடத்தில் கேட்கும் மூச்சுகளைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொருவர் மௌனமும் ஒவ்வொரு மாதிரி கேட்குமாம். என் மௌனம் எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது...

பிறகு ஒரு மாலை ஓட்டமும் நடையுமாக வந்தான். படப்பிடிப்பின்போது தளத்திலேயே பதிவு செய்த ஒலிநாடா ஒன்று பழைய கிடங்கில் கிடைத்திருக்கிறது. அந்த வரி இருக்கிறது. தெளிவாக. புதிய பிரதியில் அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். பூச்சியா, மூச்சா என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

"சொல்லட்டுமா?"

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தான். டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள் அவள்.

"வேண்டாம்."

"ஏன்? இத்தனை வருஷமா சண்டை போடறீங்க..."

"அந்தப் படத்துல அந்த ஒரு இடத்துலதான் அரங்கத்துல யாருக்கும் காது கேக்காது. எல்லாரும் எங்க அக்கா மாதிரி ஆயிடுவாங்க. அவங்க கத்தறாங்க, இவ மட்டும்தான் படிக்கறா. மத்த இடத்துலல்லாம் நான்தான் அவளுக்குச் சொல்லணும். அங்க மட்டும் அவ எனக்குச் சொல்லுவா. அதை அடைக்கப் போறீங்களா?"

அவனுக்கு அது உறைத்தது. ஆனால் தொழிலைக் குறை சொன்னதும் சேர்ந்தே உறைத்தது. அறுந்ததை ஒட்டுவதுதான் என் வேலை, ஓட்டையை ரசிப்பதற்காக எனக்குச் சம்பளம் தரவில்லை என்றான். சொன்ன பிறகு வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவள், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எழுந்து போனாள். அதன் பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது.

அக்காவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். முகத்தைப் படித்தே பிழைப்பவளிடம் எத்தனை நாள்தான் முகத்தை மறைப்பது? இரண்டாம் நாளே அக்கா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி விஷயத்தைக் கறந்துவிட்டாள். அழுதுகொண்டே விரல்களால் எல்லாவற்றையும் சொன்னாள் தங்கை... உனக்காகத்தான் என்று முடித்தாள்.

அக்காவின் விரல்கள் காற்றை வெட்டின. எனக்காகச் சண்டை போட உன்னைக் கூப்பிட்டேனா? அது என் இடம் என்றால் நான் கேட்டுக்கொள்வேன். முதலில், நான் ஜெயித்தேனா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

தான் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா நேராக அவன் ஒலிக்கூடத்துக்கே போனாள். போனவள் மாலை திரும்பியபோது முகத்தில் ஒரு தினுசான கர்வம். என்ன நடந்தது என்று தங்கை கேட்டதற்கு, ஒலி திரையில் மலைத்தொடர் மாதிரி ஓடுகிறது, பெட்டியில் கை வைத்தால் அதிர்கிறது, பையன் மோசமில்லை என்றாள்.

"அந்த வரி?" என்று தங்கையின் விரல்கள் தயங்கிக் கேட்டன.

போனில் தட்டிக் காட்டினான், இப்போது எனக்குத் தெரியும் என்றாள் அக்கா. உனக்குச் சொல்ல மாட்டேன். அதோடு கைகளைக் கட்டிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டால் அக்காவிடம் அதற்குமேல் பேச்சு இல்லை.

புதிய பிரதியின் முதல் காட்சியும் கடைசி ஞாயிறு காலையில்தான். வெளியே மழை அன்றைக்கும் பிடித்துக்கொண்டது. டிக்கெட் எடுத்தவள் அக்கா. தங்கையை உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு அந்தப் பக்கம் ஓர் இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்தாள். விளக்கு அணையும் நேரத்தில் அவன் வந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தங்கை திரையையே பார்த்தாள்.

படம் பளிச்சென்று இருந்தது. ராட்சதனின் ஜிப் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. பல்லி வந்தது, அதை யாரும் துடைக்கவில்லை. அரங்கம் ஆர்ப்பரித்தது. அவளுக்கு மட்டும் கைதட்ட முடியவில்லை. தெர்மோகோல் பாறை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி அங்கே ஒரு குரல் வரும்... யாரும் கத்த மாட்டார்கள்... அக்கா மறுபடி எல்லோருக்கும் பின்னால் போய்விடுவாள்... அதைச் செய்தது இவனாக இருக்கும். இவனாக இருக்கக் கூடாதே.

கதாநாயகன் குனிந்தான். கவசத்துக்குள் உதடுகள் பிரிந்தன.

சத்தம் இல்லை.

ஒரு கணம் அரங்கமே நம்பவில்லை. பிறகு உடைத்துக்கொண்டு எழுந்தது கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே அக்காவின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. திரும்பினாள். அக்கா சாய்ந்து வழி விட்டிருந்தாள். அவன் திரையைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்து, பச்சை வெளிச்சத்தில், சத்தமே இல்லாமல், உதட்டை மெல்ல மெல்ல அசைத்தான்.

அவளுக்கு முதலில் கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அக்கா முந்திக்கொண்டாள். விரல்கள் மடிமேல் ஓடின: உன்னைப் பிடிச்சிருக்காம். உச்சரிப்பு மட்டம். இன்னும் பழகச் சொல்.

அவன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை அவளே படித்தாள்.

அவள் உதடுகள் லேசாகத் திறந்து, சேர்ந்து, மூடிக்கொண்டன.

வெளியே தகரக் கூரைக்கு அடியில் அவன் முதலில் ஓட்டையைப் பற்றித்தான் பேசினான். பட உரிமையாளரைப் போன மாதக் காட்சிக்கு இழுத்து வந்திருக்கிறான். முன்பு ஒரு தடவைகூடச் சிரிக்காத மனிதர் அந்த இடத்தில், "சாவியை எங்க வெச்சே?" என்று கத்தினாராம். அதன் பிறகு அவரே அதைத் தொடாதே என்றுவிட்டார். அறுந்ததெல்லாம் கெட்டுப்போனதில்லை என்று தனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது, அதைப் போனில் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது என்றான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை...

"சரி, இப்பவாவது சொல்லுங்க. பூச்சியா, மூச்சா?"

அவனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். அவனும் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"அதை விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். உள்ள நான் ஒண்ணு சொன்னேன்..."

"படிச்சேன்."

"அதுக்கு நீங்க 'ம்'னு சொன்னீங்களா, இல்ல சும்மா வாயை மூடிக்கிட்டீங்களா? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. உங்கக்காவைக் கேட்டேன், அவங்களுக்கே தெரியலையாம்."

மழை தகரத்தில் கொட்டியது. இத்தனை இரைச்சலில் ஓர் எழுத்து கேட்குமா? ஆனால் இவன் காதுக்குக் கேட்கும். அவள் ஓர் அடி கிட்டே வந்தாள். நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"ம்," என்றாள், சத்தமாக.