பச்சை விளக்குக்காரர்

மூச்சறிவான் அன்றும் பச்சையே காட்டியது. சென்னியப்பனுக்கோ அதன் குழாயில் ஊதி முடிப்பதற்குள் இருமி இருமி உயிர் போய் வந்தது.

கோவையில் இப்போது எந்த வீட்டுக் கதவும் மூச்சறிவானைக் கேட்காமல் திறக்காது. காலையில் ஊத வேண்டும். மூச்சில் பகைக்கிருமி இருந்தால் சிவப்பு. மருந்தையும் அதுவே கலந்து ஊற்றும். பகைக்கிருமி இல்லாவிட்டால் பச்சை, கூடவே நட்புக்கிருமிகள் கலந்த ஒரு டம்ளர் நலநீர். ஜனங்கள் ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் பொட்டு வைத்தார்கள். காய்ச்சலே மறந்துபோன ஊரில் வேறு எதைக் கும்பிடுவது?

“பச்சை எரியுதுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, சோம்பல்தான்,” என்றாள் மனைவி தமயந்தி. சொன்னாளே தவிர மனசு கேட்கவில்லை. தன் பங்கு நலநீரையும் தினமும் அவருக்கே கொடுத்தாள்.

அவர் இளைத்துக்கொண்டே போனார். விலாவில் ஒரு வீக்கம் கிளம்பி, உடைந்து, சீழோடு ரவை போல மஞ்சள் மணிகள் வந்தன. அப்போதும் பச்சை. இருவரும் புண்ணையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எதை நம்புவது?

ஊரில் மிச்சமிருந்த ஒரே நெஞ்சு மருத்துவர் பெனாசிரிடம் போனார்கள். ஒரு மணியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர் திகைத்துப்போனார்.

“இந்தக் கிருமி எல்லார் வாயிலயும் இருக்கறதுதாங்க. அங்க இருக்கற வரைக்கும் சாது. புரையேறி நுரையீரலுக்குள்ள போயிட்டா நெஞ்சையே துளைச்சுட்டு வெளிய வரும். ரொம்ப அபூர்வம்.”

“அப்புறம் ஏனுங்க டாக்டர் பச்சை காட்டுது?” என்றாள் தமயந்தி.

“மெஷின் பேரைத்தான் பார்க்கும், எங்க உக்காந்திருக்குன்னு பார்க்காது. அதோட கணக்குல இது நண்பன். நலநீர்ல இருக்கறதே இதுதானே! எத்தனை டம்ளர் குடிக்கறார்?”

“ரெண்டுங்க... இருமறாரேன்னு நாந்தான்... ஐயோ, என் கையாலயே ஊத்துனனே!” தமயந்தி உடைந்து அழுதாள்.

இப்போது யாரும் தயாரிக்காத பெனிசிலினைப் பெனாசிர் எங்கெங்கோ கெஞ்சி வரவழைத்தார். வாரக்கணக்கில் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை. நலநீர் கூடவே கூடாது. அந்தக் கிருமி பூண்டோடு அழிந்தது, புண் ஆறியது, இருமல் நின்றது, சோறு இறங்கியது. சென்னியப்பன் சதை போட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை ஆசையாக ஊதினார். சிவப்பு!

இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஊதினார். சிவப்பேதான். “நட்புக்கிருமி இல்லை. கடும் நோய். நலநீர் பருகும்வரை வெளியே செல்ல அனுமதி இல்லை,” என்று மூச்சறிவான் டம்ளரை நிரப்பியது. தமயந்தி அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். அது சளைக்காமல் மறுபடி நிரப்பியது.

பெனாசிர் மேலிடத்தில் சண்டை போட்டுப் பார்த்தார். விளக்கைவிட நீங்கள் பெரியவரா என்று கேட்டுவிட்டார்கள். கதவு திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ராசாமணி விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, தள்ளி நின்று, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக் கண் கலங்கினார்.

“ஏனுங்ணா இப்படி ஆயிருச்சு? இருமிட்டு இருந்தப்ப எவ்வளவு நல்லா இருந்தீங்க!”