சுவரைப் பார்த்துப் படுத்தவள்

அந்த அம்மா வந்தபோது வெளியே சுள்ளென்று வெயில். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மட்டும் எந்நேரமும் இருட்டுதான். பழைய கட்டடம். சுவரில் அடித்த கம்பளித் துணியில் பல வருஷத்து சிகரெட் வாடை. கதவைச் சாத்தினால் தெரு செத்துப்போகும். நம் மூச்சு நமக்கே கேட்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எழுந்து ஓடிவிடுவார்கள்.

அம்மா ஓடவில்லை. கைத்தடியைக் கதவோரம் சாத்திவைத்தார்.

"மைக் அதே இடத்துலதான் இருக்கு," என்றார்.

ஒரு காலத்தில் ஊரையே அழவைத்த படம். அக்காவுக்கு நிச்சயமானவனைத் தங்கை தட்டிப்பறிக்கிறாள். அக்கா சாகும்போது அவளை மன்னிக்கிறாள். மறுபடி வெளியிடலாம் என்று பெட்டியைத் திறந்தால், அந்த மன்னிப்புக் காட்சியில் மட்டும் ஒலி அரித்துப்போயிருந்தது. அக்காவாக நடித்தவர் உயிரோடு இல்லை. தங்கையாக நடித்தவர்தான் இந்த அம்மா. நிஜத்திலும் அவர்கள் கூடப்பிறந்தவர்கள், ஒரே சாயல் குரல். அதனால் அக்காவுக்கும் இவரே பேசுவதாக ஏற்பாடு.

"அந்த வசனம் இல்லாம படம் வரக்கூடாதுப்பா," என்றார் என்னிடம். "எனக்கு அது வேணும்."

அவர் மைக் இருக்கும் கண்ணாடி அறைக்குள் போனதும், புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் என் காதைக் கடித்தார்.

"படத்துல மட்டுமில்ல தம்பி, நிஜத்துலயும் இதே கூத்துதான். ஹீரோ அக்காவுக்குப் பேசி வச்ச ஆளு. ஷூட்டிங் முடியறதுக்குள்ள இந்தம்மா கட்டிக்கிட்டாங்க."

"அப்புறம் என்னாச்சுண்ணே?"

"ரெண்டு வருஷத்துல அந்தாளு இன்னொருத்தியோட போயிட்டான். தலகாணிய மாத்தினா தலவலி போயிடுமா?"

"அக்கா?"

"படம் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. தங்கச்சிகிட்ட கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

வேலை சுலபம். அந்தப் படத்துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கினோம். ஒரே காட்சி சுற்றிச் சுற்றி வரும். கட்டிலில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். முதுகும் நீளமான பின்னலும்தான் தெரிகின்றன. உதடு தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம்.

விளக்கை அணைத்தேன். படம் ஓடியது.

"நான் உன்ன மன்னிச்சுட்டேன்டி. நீ நல்லா இரு."

வயசான தொண்டையிலிருந்து ஒரு இளம்பெண் பேசினாள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. குனிந்து கருவியைப் பார்த்தேன். ஒலி அளவு காட்டும் முள் அசையவே இல்லை.

என் காதுக்குக் கேட்டது. முள்ளுக்குக் கேட்கவில்லை.

மைக்கை மாற்றினேன். வயரை மாற்றினேன். அம்மா மறுபடி பேசினார். முள் செத்துக் கிடந்தது.

"தம்பி," என்றார் ஆபரேட்டர். குரல் இறங்கியிருந்தது. "பின்னல் முதுகு மேலதானே கிடந்துச்சு?"

திரையில் பின்னல் தோளுக்கு முன்னால் சரிந்திருந்தது.

அதே படத்துண்டு. அதே வளையம். அடுத்த சுற்றில் தோள் திரும்பியிருந்தது. அதற்கடுத்த சுற்றில் கன்னம் தெரிந்தது. எங்கிருந்தோ ஈரத் தலையணை வாடை வந்தது, ராத்திரியெல்லாம் அழுத தலையணை மாதிரி.

"நிறுத்திடலாம்மா," என்றேன்.

"வேணாம். ஓடட்டும்." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா அன்னிக்கு இந்த வசனத்தைப் பேசமாட்டேன்னுட்டா. டைரக்டர் கெஞ்சினாரு. அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அதையே எடுத்துட்டாங்க. அவ செத்தப்புறம் நான்தான் இங்க வந்து அவ குரல்ல பேசினேன். அவ என்ன மன்னிச்சுட்டான்னு ஊரே அழுதுச்சு. கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன்ப்பா. அது இல்லாம நான் எப்படிச் சாவேன்?"

நான் மறுபடி முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை.

வளையம் சுற்றி வந்தது.

முகம் முழுசாகத் திரும்பியிருந்தது.

கோபம் இல்லாத முகம். அதுதான் தாங்க முடியவில்லை. களைத்துப்போன, அழுது வீங்கிய கண்கள் நேராகக் கண்ணாடி அறையைப் பார்த்தன.

"நான் உன்ன மன்னிச்சுட்டேன்டி..." அம்மா ஆரம்பித்தார்.

திரையில் உதடுகள் மூடியே இருந்தன.

அம்மாவின் குரல் பாதியில் நின்றது.

அப்போது அந்த உதடுகள் திறந்தன. சத்தமில்லை. ஆனால் வாயசைவைப் பார்த்துப் பேசுவது அம்மாவுக்கு ஆயுள் பழக்கம். அவரையும் மீறி அவர் வாய் கூடவே அசைந்தது.

"அவன எடுத்துக்கிட்ட. போகட்டும். அவன் அவ்வளவுதான்."

முள் துள்ளியது.

"என் வாயையும் எடுத்துக்கிட்டியேடி."

ஆபரேட்டர் பாய்ந்து மெஷினை அணைத்தார். நான் விளக்கைப் போட்டேன். அம்மா மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் உதடு அசைந்தது. 'அக்கா' என்றுதான் சொன்னார், எனக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. கைத்தடியை எடுத்துக் கொடுத்தபோதும் வரவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

படம் வெளியானது. அந்தக் காட்சியில் வசனம் கிடையாது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பின்னல் முதுகின் மேல் ஒழுங்காகக் கிடக்கிறது. ஜனங்கள் முன்னைவிட அதிகமாக அழுகிறார்கள் என்றார் ஆபரேட்டர். அவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார்.

அம்மா இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

காலையில் நான்தான் கூடத்தைத் திறக்கிறேன். கண்ணாடி அறை பூட்டியிருக்கிறது. மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனாலும் கருவியை எழுப்பினால் முள் துள்ளுகிறது. சின்னத் துள்ளல்தான். ஒரு 'அக்கா' அளவு. பிறகு விழுந்து, யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல, அசையாமல் கிடக்கிறது.

பிறகு மறுபடி, அதே அளவு.