மஞ்சள் டிஸ்க்

அவள் கண் டாக்டர். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் அண்ணன் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

மலைச்சரிவு முழுக்க இரும்புக் கூடைகள், சங்கிலி தொங்க நிற்கின்றன. டிஸ்க் கோல்ஃப் ஆட்டம்: தட்டு போன்ற பிளாஸ்டிக் டிஸ்க்கை மரங்களுக்கு நடுவே வீசி, முடிந்தவரை குறைவான வீச்சுகளில் ஒவ்வொரு கூடையிலும் விழவைக்க வேண்டும். கடைசிக் கூடை ஏரிக்கு அந்தப் பக்கம். முந்தின வீச்சில் அவள் டிஸ்க் புதருக்குள் போயிருந்தது; அங்கே கிடந்த மஞ்சள் டிஸ்க்கை எடுத்து அவள் ஓங்கி வீசினாள். அது காற்றில் சாய்ந்து, தண்ணீரில் விழுந்து, மூழ்கியே போனது.

"அது என்னோடது," என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினாள். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் சட்டை... கலைந்த முடி... கோபமே இல்லாத கண்கள். அந்தக் கண்கள்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தன. அவன் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பாள்.

மஞ்சள் என்றாலே உங்களுடையதா என்று கேட்டாள். அவன் புதரை விலக்கி இன்னொரு மஞ்சள் டிஸ்க்கை எடுத்தான். அடியில் அவள் கையெழுத்தில் அவள் போன் நம்பர். தொலைந்தால் கண்டெடுப்பவர் கூப்பிடட்டும் என்று எல்லோரும் எழுதுவதுதான். அடுத்தவர் டிஸ்க்கை வீசியவர் அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆட்ட விதி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் டிஸ்க்கை அவன் கையிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கூட ஆட வந்திருந்த அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி பின்னால் வந்தான்.

அந்த வாரம் கிளினிக்கில், எதிரே உட்கார்ந்தவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்து முடித்தது தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ கூப்பிட்டார்கள். அவன் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு தூறல். அண்ணனைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போனாள். ஏரிக்கரை மரத்தடியில் அவன்... கையில் அவள் டிஸ்க்.

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"தொலைஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேன். நீங்க வேணாம்னுதானே விட்டுட்டுப் போனீங்க?"

மழை கொஞ்சம் வலுத்தது. கர்வத்தை விழுங்குவது அவளுக்கு லேசாக இல்லை. விழுங்கினாள்.

"உங்களோடதை வீசினது என் தப்பு. பாக்காம எறிஞ்சுட்டேன்..." நிறுத்தினாள். "என்னோடதை விட்டுட்டுப் போனது தெரிஞ்சேதான். நீங்க கூப்பிடுவீங்கன்னு..."

அவன் போனை எடுத்தான். டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நம்பரை மளமளவென்று அழுத்தினான். அவள் பையில் போன் அடித்தது. இரண்டடி தள்ளி நின்றபடியே எடுத்தாள்.

"உங்க டிஸ்க் என்கிட்ட இருக்கு," என்றான் அவன் போனில். "குடுக்க மனசு வரல... உங்களைப் பிடிச்சிருக்கு."

"வாராவாரம் கேக்க வருவேன்," என்றாள். "குடுத்துடாதீங்க..."