நாலாம் மாடிக் கயிறு

ராதாமணி பர்மாவில், பசுந்தாங் பேட்டையின் அந்த அறைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கையில் ஒரு பெட்டி. தோள்பையில் பாஸ்போர்ட். அதை அண்ணன் பாலசந்தரின் அலமாரியிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பூட்டு உடைந்ததை அவன் இந்நேரம் பார்த்திருப்பான்.

பதினேழு நாள் தங்க வேண்டும். பிறகு விமானம். பேங்காக், துபாய், லியோன். லியோனில் ஒரு சமையல் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. முதல் வகுப்பு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அன்று வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கடிதத்தில் இருந்தது. அந்த விசாவுக்கு மூன்று வருடம் அலைந்திருந்தாள். இன்னொரு தடவை கிடைக்காது. ஊர் இருக்கும் நிலையில் இது எல்லோருக்கும் தெரியும்.

சாவி கொடுத்தவள் மூன்றாம் மாடி ஜெயம்மா. கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனக்கா மரப்பட்டைப் பூச்சு, வாயில் வெற்றிலை.

"லிப்டு கிடையாது. கரண்டு எட்டு மணி நேரம் இருந்தா அதிர்ஷ்டம்."

"பரவாயில்லக்கா."

"யார் வந்தாலும் தெருவிலேருந்து கயித்தத்தான் இழுப்பாங்க. உன் பால்கனியில மணி அடிக்கும். பில்லோ பேப்பரோ, கீழ இருக்கிற கிளிப்புல மாட்டி விடுவாங்க. நீ மேல இழுத்துக்க." அவள் பெட்டியைப் பார்த்தாள். "எங்க பயணம்?"

"பிரான்ஸ். லியோன்."

ஜெயம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"லியோனா," என்றாள். சாவியைக் கையில் வைத்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படிக்கட்டு குறுகலானது. ஏறி வரும்போதே ராதாமணி கவனித்திருந்தாள். இரண்டாம் மாடியில் அது திரும்பும் இடத்தில் பகலிலும் இருட்டு. தெருவைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல் இருந்தும் வெளிச்சம் உள்ளே வரவில்லை. அந்த வளைவில் அந்துருண்டை வாசனை அடித்தது. வெகுநாள் கட்டி வைத்த துணியின் வாசனை.

மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணிக்கு, மணி அடித்தது. இரண்டு தடவை.

கரண்டு இல்லை. வெயிலில் தெரு ஒடுங்கிக் கிடந்தது. தேநீர்க் கடையின் குட்டை நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. ஆனால் கிளிப்பில் ஒரு காகிதம் இருந்தது. அவள் கயிற்றை இழுத்தாள்.

ஓரம் பழுத்த தாள். ஊதா மை. தமிழ்.

'விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டிராமில் அரை மணி. டாக்சி தேடாதே.'

ராதாமணி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தமிழ் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தாள். லியோன் போய் வந்த யாரிடமோ ஜெயம்மா சொல்லியிருக்கிறாள். நல்ல மனசு.

மறுநாளும் அதே நேரம். பிறகு தினமும்.

'ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வை.'

'மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குமேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.'

'இரண்டு ஆறு. சோன் மெதுவாகப் போகும். ரோன் வேகம். வழி தவறினால் ஆற்றைத் தேடு.'

'பெரூஜ் மலைமேல் இருக்கும் பழைய கிராமம். ரயிலில் முக்கால் மணி கூட ஆகாது. பிறகு ஏற்றம். தெரு முழுக்க உருண்டைக் கல். தட்டைச் செருப்பு போட்டுக்கொள்.'

கைப்பேசியில் இணையம் வந்தபோது அவள் சரிபார்த்தாள். எல்லாம் சரி. காகிதங்களை அடுக்கி வைத்தாள். இரவில் எடுத்துப் படித்தாள். அந்த ஊரை அவளுக்கு இத்தனை அன்பாக யாரும் சொன்னதில்லை.

எட்டாம் நாள் வந்தது கொஞ்சம் நீளம்.

'பழைய ஊரில் வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் வழிகள் உண்டு. கதவைத் தள்ளினால் திறக்கும். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் போடாமல் நட. படியில் பார்த்து இறங்கு.'

அதற்குக் கீழே, இன்னொரு தடவை: 'படியில் பார்த்து இறங்கு.'

அவள் தாளை முகத்தருகே கொண்டுபோனாள்.

அந்துருண்டை.

அன்று மாலை மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள். ஜெயம்மா இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். காகிதத்தை ராதாமணி மேசைமேல் வைத்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீலாம்பாள் கையெழுத்து இது."

"யாரு அது?"

"உன் ரூம்ல இருந்தவ. சூலே பகோடா பக்கம் ஒரு டிராவல் ஆபீஸ்ல வேலை. லியோன் போற ஆளுங்களுக்கெல்லாம் அவதான் எழுதிக் குடுப்பா. எங்க தங்கணும், எங்க திங்கணும், எந்த ரயிலு. இருபத்திரண்டு வருஷம் எழுதினா. ஒரு தடவை போனதில்ல."

"இப்ப எங்க இருக்காங்க?"

ஜெயம்மா தரையைக் காட்டினாள். அவர்களுக்குக் கீழே இரண்டாம் மாடி.

"கடைசியில அவளுக்கும் விசா வந்துச்சு. பெட்டியத் தூக்கிக்கிட்டு இறங்கினா. வளைவுல விழுந்தா. பெட்டி மட்டும் தெருவுக்கு வந்து சேந்துச்சு."

தேநீரில் ஆடை படிந்தது.

"அப்புறம் சைதாங்கற ஒரு நர்சு வந்தா. துபாய்ல வேலை. பெட்டியோட இறங்கறப்ப அதே படியில கால் ஒடைஞ்சுது, வேலை போச்சு. பின்னாலேருந்து யாரோ இழுத்தாங்கன்னு சொன்னா."

"அவங்களையா?"

"பெட்டிய."

ஜெயம்மா ஆறிய கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நீ அண்ணன் வீட்டுக்கே போயிருடி. அங்கேருந்து கிளம்பு."

"போனா பாஸ்போர்ட்டோட என்னையும் சேத்துப் பூட்டுவான்." ராதாமணி கோப்பையை வைத்தாள். "அவன் கதவை அடைக்கிறான், இவ படிய அடைக்கிறா. ரெண்டு பேருல இவ தேவலக்கா. இவளாச்சும் ரயிலுக்கு வழி சொல்றா."

ஜெயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடம்பு ஒரு சாண். வாய் மட்டும் நாலு மாடி."

மறுநாள் இரண்டு மணிக்கு முன்பே ராதாமணி பால்கனியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துக் கயிற்றையே பார்த்தாள்.

காற்று இல்லை. கயிறு நேராகத் தொங்கியது.

பிறகு அது வளைந்தது.

தெருவிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. இரண்டாம் மாடி உயரத்தில் கயிறு சுவர்ப்பக்கம் சாய்ந்தது. படிக்கட்டு ஜன்னலின் கம்பிகளுக்குள் நுழைந்தது. உள்ளே இறுகியது.

அவள் தலைக்குமேல் மணி அடித்தது.

இரண்டு தடவை.

கயிறு தளர்ந்தது. கிளிப்பு வெளியே வந்து ஆடியது. அதில் காகிதம் இருந்தது.

இழுக்காமல் இருந்திருக்கலாம். அவள் இழுத்தாள்.

'பெட்டியில் கொஞ்சம் இடம் விடு.'

அறைக்குள் போனாள். தண்ணீர் குடித்தாள். பேனாவைத் தேடி எடுத்தாள். தாளைத் திருப்பி, கோணல் எழுத்தில், ஒரே சொல் எழுதினாள்.

'முடியாது.'

கிளிப்பில் மாட்டிக் கீழே விட்டாள். மூன்றாம் மாடி தாண்டியது. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராக நின்றது. ஒரு நொடி.

ஒரே இழுப்பு. கயிறு அவள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது.

அதன் பிறகு காகிதம் வரவில்லை. சத்தம் வந்தது.

தினமும் மதியம். படிக்கட்டில் பெட்டி ஒன்றை யாரோ இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம். ஒரு படி. சக்கரம் இடிக்கும். அடுத்த படி. முதல் நாள் மூன்றாம் மாடியோடு நின்றது. அடுத்த நாள் நாலாம் மாடி வரை வந்தது. அதற்கடுத்த நாள் கதவுக்கு வெளியே நின்றது. கதவின் அடியிலிருந்து அந்துருண்டை வாசனை தரையோடு ஊர்ந்து உள்ளே வந்தது.

ராதாமணி கதவருகே போய் நின்றாள். குரலை நடுங்கவிடவில்லை.

"டிக்கெட் ஒண்ணுதான். அதுல என் பேருதான் இருக்கு. கேக்குதா?"

வெளியே ஒன்றும் அசையவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது பாவந்தான். நான் என்ன பண்ண? நான் போறேன். கால் ஒடைஞ்சா தவழ்ந்துக்கிட்டுப் போவேன்."

சக்கரம் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி.

புதன்கிழமை பெட்டியைக் கட்டினாள். விரல் நுழைய இடம் விடவில்லை. துணிகளுக்கு நடுவே மிளகாய்த்தூள், சாப்பிடப் புளிக்கவைத்த தேயிலைப் பொட்டலங்கள். மூலைகளில் காலுறை. காலுறைக்குள்ளும் பூண்டு. மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள். கைத்தராசில் தூக்கிப் பார்த்தாள். இருபத்திரண்டு கிலோ.

வியாழக்கிழமை பசுந்தாங் சந்தைக்குப் போய்த் தடித்த நைலான் கயிறு வாங்கி வந்தாள்.

"அவ பிடி படியிலதானே," என்றாள் ஜெயம்மாவிடம். "பெட்டி படியில போகலேன்னா?"

படியில் கொள்ளாத பியானோவே கயிற்றில் இறங்கிய தெரு அது. ஒரு பெட்டி எம்மாத்திரம்?

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் பால்கனிக் கம்பிக் கதவைத் திறந்தாள். கயிற்றைக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பெட்டியை வெளியே தள்ளினாள். கீழே ஜெயம்மா டாக்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பெட்டி பதவிசாக இறங்கியது. மூன்றாம் மாடி. அதற்கும் கீழே.

இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே நின்றது.

அவள் கயிற்றைத் தளர்த்திப் பார்த்தாள். இறங்கவில்லை. மெல்ல ஒரு சுற்று சுற்றியது.

பிறகு திடீரென்று கனத்தது. கம்பி முனகியது. அவள் சுவரில் காலை உதைத்துப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக விட்டாள். பெட்டி தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெறுங்கையோடு படியில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் காலைத் தட்டி வைத்தாள். வளைவில் நின்றாள்.

"வழி விடு."

வழி இருந்தது. இருட்டு இல்லை. கம்பி ஜன்னல் வழியாக வெயில் படியில் விழுந்துகொண்டிருந்தது. வாசனைகூட இல்லை. மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"ஜெயிச்சிட்டேன்க்கா."

ஜெயம்மா இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்சியின் பின்கதவைப் பார்த்தாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி," என்றாள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு. ஒரு கிராம் கூடவில்லை. ராதாமணிக்கு உடம்பெல்லாம் லேசானது.

"பெட்டியை நீங்களே கட்டினீர்களா?" என்று சீருடைப் பெண் பர்மியத்தில் கேட்டாள். "வேறு யாராவது உள்ளே எதையாவது வைத்தார்களா?"

"இல்லை," என்றாள் ராதாமணி.

சனிக்கிழமை மாலை லியோன். டிராமில் அரை மணி. ரோன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ரொட்டி வாங்கினாள். மாணவர் விடுதியில் அவள் அறை நாலாம் மாடியில். இங்கே லிப்டு இருந்தது. பெட்டியைத் தரையில் படுக்க வைத்துப் பூட்டைத் திறந்தாள்.

அந்துருண்டை.

துணிகள், பொட்டலங்கள், எல்லாம் நாலு பக்கமும் ஒதுங்கிப் பெட்டியின் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. நடுவில் ஒரு குழி. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் அந்த வடிவம் வரும். தலை வைத்த இடத்தில் அவள் துண்டு அமுங்கியிருந்தது.

படியால் இறங்க முடியாதவளை அவளே கயிறு கட்டி இறக்கியிருக்கிறாள்.

ராதாமணி வெகுநேரம் நின்றாள். பிறகு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டே. சரி. உனக்கு ஊரு தெரியும், எனக்குத் தெரியாது. ஆனா ரூமு என்னுது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. நடுவுல வந்தே, தெரியும் சேதி."

ஒவ்வொன்றாகத் துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள். காலிப் பெட்டியைத் துடைத்தாள். பூட்டினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

மணி அடித்தது.

இரண்டு தடவை.

ஜன்னலுக்கு வெளியே கயிறு எதுவும் இல்லை. கீழே தெருவும் காலி. அவள் திரும்பினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளிய பெட்டி பாதி வெளியே வந்திருந்தது. பூட்டு பூட்டியபடி. மூடியின் இடுக்கில் ஓரம் பழுத்த தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

எடுத்தாள். ஒரு பக்கம் 'பெட்டியில் கொஞ்சம் இடம் விடு.' திருப்பினாள். அவள் எழுதிய கோணல் எழுத்து.

'முடியாது' என்ற சொல் ஊதா மையில் ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. கீழே, இன்னும் காயாத மையில், புதிதாக ஒரு வரி.

'நாளைக்குப் பெரூஜ். தட்டைச் செருப்பு போட்டுக்கொள்.'