நான் எழுதல, டீச்சர்

கண்ணாடிக்காரருக்குத் தொழில் கீழே, ஆர்வம் மேலே. கீழ்த்தளத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது. மாடியறையில் இருக்கும் துப்பறியும் அலுவலகம் அவர் மனைவியுடையது. படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற பிரேமை அப்படியே வைத்துவிட்டு, "ஒரே நிமிஷம், வந்துடறேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி மேலே ஏறிவிடுவார். அந்த ஒரு நிமிஷம் சில நாள் சாயங்காலம் வரைக்கும் நீளும். தெருவில் எல்லோரும் அவர் மனைவியை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் இதுவரை ஒரு பூதக்கண்ணாடியைக்கூடத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அன்று ஏறி வந்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். நாற்காலியில் உட்காரும் முன்பே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஒரு பிள்ளையோட பேரு கெட்டுப் போகப்போகுது. நான்தான் காரணம்."

"தண்ணி குடிங்க டீச்சர். அப்புறம் சொல்லுங்க" என்றார் லென்ஸ் அக்கா. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்படத்தான் கண்ணாடிக்காரர் இருக்கிறாரே!

டீச்சர் சொன்னது இதுதான். அவருடைய ஏழாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைக்கணினி, அதாவது டேப், கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏஐ இருக்கிறது. ஆனால் டீச்சர் அதற்கு ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறார். அது பதில் எழுதித் தராது, கேள்வி மட்டுமே கேட்கும். பிள்ளைகள் முதலில் கையால் எழுத வேண்டும். பிறகு டேப்பிடம் காட்டினால், 'இந்த நாய் என்ன நிறம்?', 'இங்கே ஏன் பயந்தாய்?' என்று அது நச்சரிக்கும். பிடித்த கேள்விக்குப் பதில் எழுதலாம், பிடிக்காததை 'போ' என்று தள்ளலாம். ஏன் தள்ளினோம் என்பதை மட்டும் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

"நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு அக்கா. போன வாரம் 'பயந்த நாள்'னு கட்டுரை கொடுத்தேன். எங்க வகுப்புல ஒரு பொண்ணு. 'நாலுவரி'ன்னு பட்டப்பேரு. எதைக் கொடுத்தாலும் நாலு வரிக்கு மேல எழுத மாட்டா. அதுலயும் ல, ள, ழ மூணும் கந்தல். மெழுகுன்னு சொன்னா மெளுகுன்னு எழுதுவா. அவ ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருக்கா. அதுவும் எப்படி! படிச்சிட்டு எனக்குச் சிலிர்த்துப் போச்சு. ஆனா கையால எழுதின முதல் பிரதியைக் காணோம்."

"மெஷின் எழுதினதுதான்! கையும் களவுமா மாட்டிக்கிச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"எங்க தலைமையாசிரியையும் அதைத்தான் சொல்றாங்க சார். அவங்க தன்னோட கம்ப்யூட்டர்ல இருக்கிற ஏஐகிட்ட அந்தக் கட்டுரையைப் போட்டு, 'இதை நீதான் எழுதினியா?'ன்னே கேட்டுட்டாங்க. அது, 'ஆமாம், இதை நான்தான் எழுதினேன்'னு சொல்லிடுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் ஒத்துக்கிட்டா."

"என்னன்னு ஒத்துக்கிட்டா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார். "'நான் எழுதல, டீச்சர். அது எழுதிச்சு.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. இன்னைக்குச் சாயங்காலம் அவ அண்ணனை வரச் சொல்லியிருக்காங்க. அவ ஏமாத்தினதா எழுதி வாங்கிட்டு, டேப்பையெல்லாம் திருப்பி அனுப்பிடப் போறாங்க. டேப் போனா போகட்டும் அக்கா. அந்தப் பொண்ணு இனிமே ஒரு வரிகூட எழுத மாட்டா."

லென்ஸ் அக்கா அச்செடுத்த கட்டுரையை வாங்கிப் படித்தார். கண்ணாடிக்காரர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். முற்றுப்புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை, ஒரே மூச்சாகப் போனது. கடைசிப் பகுதி இப்படி இருந்தது:

'மாடிப்படியில் கரண்ட் போய்விட்டது எனக்கு வலி தெரியவில்லை கையை நீட்டினால் சுவர் மட்டும்தான் இருந்தது சுவரும் பயந்து குளிர்ந்து போயிருந்தது கஞ்சி போடவா வேண்டாமா மேலே சின்னதாக ஒரு ஒலி தெரிந்தது அண்ணன் மெழுகுவர்த்தியோடு நின்றான் அவன் என் கையைப் பிடித்ததும் வலி தெரியவில்லை'

"நடுவுல கஞ்சி எங்கேருந்து வந்துச்சு?" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். "மெஷினுக்குப் பசி போலிருக்கு."

"கஞ்சியைக் குடிப்பாங்க, ஊத்துவாங்க, காய்ச்சுவாங்க. 'போடவா'ன்னு யாருங்க கேட்பாங்க?" என்று லென்ஸ் அக்கா கணவரைக் கேட்டார். லென்ஸ் அக்கா டீச்சர் பக்கம் திரும்பினார். "இவ வீட்டுல யாராவது சலவைக் கடை வச்சிருக்காங்களா?"

டீச்சர் வாயைப் பிளந்தார். "அண்ணன்! பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் சொல்றேன். இப்போ வகுப்பைப் பார்க்கலாம்."

கண்ணாடிக்காரர் கடைக்குப் பூட்டுப் போட்டார். உள்ளே ஒரு வாடிக்கையாளர் கண் பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தது நல்ல வேளையாக ஞாபகம் வந்து, திரும்ப ஓடிப்போய்த் திறந்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார்.

ஏழாம் வகுப்பில் இரைச்சல் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது வேலை செய்கிற இரைச்சல். முன்வரிசையில் ஒரு பையன் டேப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "எங்க மாமா ஏன் ஓடினார்னு கேக்குது டீச்சர். அவர் ஓடவே இல்ல, நடந்தாரு. இதுக்கு ஒழுங்காப் படிக்கவே தெரியல." "அப்போ அதையே ஓரத்துல எழுதுடா" என்றார் டீச்சர். அவன் பெருமையோடு 'போ' என்று எழுதினான்.

கடைசி பெஞ்சில் நாலுவரி உட்கார்ந்திருந்தாள். டேப்பைத் தள்ளி வைத்திருந்தாள். ஒல்லியான பெண்; வலது முட்டியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எங்கேயாவது ஓடி விழுந்திருக்கும் என்று கண்ணாடிக்காரர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

லென்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "கதை சொல்லப் பிடிக்குமாம்மா?"

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது."

"அண்ணன்கிட்ட சொல்லுவேன். தேய்ச்சுக்கிட்டே கேட்பான்." குரல் தாழ்ந்தது. "ஆனா பேசுறது எழுதுறது ஆகாதில்ல?"

லென்ஸ் அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் மனைவியின் காதோரம், "புரிஞ்சு போச்சு. எல்லாம் அண்ணன் வேலை. அவன்தான் எழுதிக் கொடுத்திருக்கான்!" என்றார்.

"வாங்க, அவனையும் பார்த்துட்டே போகலாம்."

சலவைக் கடை ஒற்றை அறை. நீராவியும் வெந்த துணி வாசனையும் முகத்தில் அடித்தன. கல்லாப் பக்கம் இருந்த இளைஞன், இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே, தலை நிமிராமல் வாடிக்கையாளரிடம் கேட்டான்: "கஞ்சி போடவா, வேண்டாமா?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வாசலில் நின்று, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போட்டிருந்த சின்ன முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தலைமையாசிரியை அறையில் ஐந்தாறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலுவரி அவன் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள். தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. "எனக்கும் இது சந்தோஷமா என்ன? ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாச்சே. மெஷினும் ஒத்துக்கிச்சு, பொண்ணும் ஒத்துக்கிட்டா" என்றார்.

"முதல்ல மெஷினை விசாரிப்போம் மேடம்" என்றார் லென்ஸ் அக்கா. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் மஞ்சளாகி இருந்தது. "அது என்ன?"

"இந்தக் கட்டடம் திறந்தப்போ நான் பேசின வரவேற்புரை. இந்த ஏஐயெல்லாம் பிறக்காத காலம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன்."

"அதுல ஒரு பத்தியைப் போட்டு, அதே கேள்வியைக் கேளுங்களேன்."

தலைமையாசிரியை தட்டினார். திரையைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டார்.

"என்ன சொல்லுது மேடம்?" என்று கண்ணாடிக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"'ஆமாம், இதை நான்தான் எழுதினேன்.' ... என்னோட உரையை! என்ன தைரியம்!"

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லென்ஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அதைத் திட்டிப் பிரயோஜனமில்ல மேடம். தான் என்ன எழுதினோம்னு அது ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லல. நாம எப்படிக் கேட்கிறோமோ அதுக்கு ஏத்த மாதிரி தலையாட்டுது. அதுகிட்ட கேட்க நிறைய நல்ல கேள்வி இருக்கு, டீச்சர் வகுப்புல தினமும் நடக்குது. ஆனா சாட்சி சொல்லக் கூப்பிடக் கூடாது."

"சரி, மெஷினை விடுங்க. இவ தன் வாயாலயே எழுதலன்னு சொன்னாளே?"

"நிஜம்தான் சொன்னா. இவ எழுதல. பேசினா. டேப்புல மைக்கை அழுத்திட்டு, கட்டுரைத் தமிழ்லயே பேசினா, அது கேட்டு எழுதிச்சு."

நாலுவரி அண்ணன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"கட்டுரையே சொல்லுது. 'ஒலி தெரிந்தது'ன்னு இருக்கு. ஒலி கேட்கும், தெரியுறது ஒளி. மெஷின் தானா யோசிச்சு எழுதியிருந்தா இந்தப் பிழை வராது."

"பிள்ளைங்க ல, ள மாத்தி எழுதறது சகஜம்தானே?" என்றார் கண்ணாடிக்காரர். மனைவிக்கு வேண்டிய கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அது தற்செயல் என்பது அவருக்கே தெரியாது.

"சகஜம்தாங்க. ஆனா இவ மெழுகை மெளுகுன்னு எழுதறவ. இங்க மெழுகுவர்த்தி சரியா இருக்கு, சுலபமான வழி மட்டும் வலி ஆயிருக்கு. கையால எழுதினா இப்படி நடக்காது. இவ பேசும்போது ழ, ள ரெண்டும் சரியா வராது. மெளுகுன்னு ஒரு வார்த்தையே கிடையாது, அதனால மெஷின் சரியானதைப் போட்டுடுச்சு. வலி, வழி ரெண்டும் உண்டு. ஒளி, ஒலி ரெண்டும் உண்டு. அங்கதான் அது தடுமாறிச்சு. கூடவே அண்ணன் யார்கிட்டயோ கேட்ட கேள்வியும் காதுல விழுந்துச்சு, அதையும் எழுதிடுச்சு. கஞ்சி போடறது துணிக்குத்தான்."

"ஐயோ, அது நான் கேட்டதா!" என்றான் அண்ணன். "மேடம், தங்கச்சி முக்காலில உக்காந்து பேசிட்டுத்தான் இருந்துச்சு. வழக்கம்போலக் கதை சொல்லுதுன்னு நினைச்சேன்."

தலைமையாசிரியை உடனே விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. "பேசினான்னே வச்சுக்குவோம். சொந்தமாப் பேசினாளா, யாராவது சொல்லிக் கொடுத்ததை ஒப்பிச்சாளா?"

"நியாயமான கேள்வி. பிழையெல்லாம் திருத்தித் தான்னு இப்போ உங்க மெஷின்கிட்ட கேளுங்க."

அது கண்மூடித் திறப்பதற்குள் திருத்திக் கொடுத்தது. 'ஒலி' 'ஒளி' ஆகியிருந்தது. கஞ்சி காணாமல் போயிருந்தது. இரண்டு 'வலி'யும் 'வழி' ஆகியிருந்தன. லென்ஸ் அக்கா பழைய தாளையும் ஒரு பேனாவையும் நாலுவரியிடம் கொடுத்தார்.

"நீ திருத்தும்மா. தெரியாத எழுத்தை டீச்சர்கிட்ட கேளு."

அவள் மேசையோரம் மண்டியிட்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். "இது போற வழி. எந்த ழ டீச்சர்?" டீச்சர் காற்றில் எழுதிக் காட்டினார். அவள் திருத்தினாள். கஞ்சியை அடிக்கும்போது அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒலியை ஒளியாக்கினாள். கடைசி வரிக்கு வந்தாள். படித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அந்த வலியை விட்டுட்டியே?" என்றார் தலைமையாசிரியை. "மெஷின்கூட வழின்னு மாத்திடுச்சு பாரு."

"இல்ல டீச்சர். அது வலிதான்." அவள் முட்டியில் இருந்த பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினாள். "இருட்டுல படியில முட்டிக்கிட்டேன். நல்லா அடி. அண்ணன் கையைப் பிடிச்சதும் வலி தெரியல."

தலைமையாசிரியை திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு எழுதி வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைத்தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"இவ்வளவையும் என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று டீச்சர் அழுதுகொண்டே கேட்டார்.

"கையால எழுதணும்னு சொன்னீங்க. நான் வாயாலதானே... ஏமாத்தினதுதானேன்னு நினைச்சேன்."

"என் சட்டத்துலதான் ஓட்டை" என்றார் டீச்சர். "நாளையிலேருந்து முதல் பிரதியைக் கையாலயும் எழுதலாம், வாயாலயும் சொல்லலாம். ஆனா சொன்னதை அச்செடுத்து, அவங்கவங்களே பேனாவோட உக்காந்து திருத்தணும். மெஷின் திருத்தக் கூடாது. மேடம், சரியா?"

"சரி. டேப் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை. பிறகு, அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்க வேண்டும் என்பதுபோல, குரலை உயர்த்தினார். "இங்க வாம்மா. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறேன். இந்தக் கட்டுரையை யார் எழுதினது?"

திரையில் அந்தப் பழைய பதில் இன்னும் அழியாமல் இருந்தது. அவள் அதை ஒரு தடவை படித்தாள். அண்ணன் சட்டையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் எழுதினேன், டீச்சர்."