சூடு இறங்கும் நேரம்

அடுப்பை அணைத்த பிறகு பாத்திரம் ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதே சத்தம்தான். ஆனால் அன்று மாலை அவள் அடுப்பையே பற்றவைக்கவில்லை. மழைத்தண்ணீர் வழியும் ஜன்னல், மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடை, கொடியில் காயாத துணிகளின் புளித்த வாடை, இதற்கெல்லாம் நடுவே கணவன் படுத்திருந்த அறையிலிருந்து அது மறுபடியும் கேட்டது. எலியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் உலைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். முந்தின நாள், உலை முழுதாக ஆறுவதற்குள்ளேயே பழுது பார்க்கச் சொல்லி மேலாளர் அவனை உள்ளே அனுப்பியிருந்தார். வீடு திரும்பியபோது உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. "ஒன்னும் இல்லம்மா, கொஞ்சம் சூடு ஏறிடுச்சு" என்று படுத்தவன்தான்.

மதியம் பக்கத்து வீட்டு நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்கக்கா. எப்படியாவது சூட்டை இறக்கிடணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, ரோடெல்லாம் தண்ணி, வர லேட்டாகும்."

அதிலிருந்து ஈரத்துணிதான். சூடு இறங்கவும் இறங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

துணியை மாற்றும்போதுதான் தலையணையில் அதைப் பார்த்தாள். கருகிய வெங்காயத் தோல் மாதிரி சுருண்ட, மெல்லிய, கறுப்புத் துணுக்கு. மோந்து பார்த்தாள். இரும்பு வாடை. இதே மாதிரித் துணுக்குகளை அவன் ஒருமுறை உலையிலிருந்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான்.

"எவர்சில்வருக்கு ஒன்னும் ஆகாதுன்னு யாரு சொன்னா? பெரிய சூட்டுல அதுக்கும் மேல ஒரு தோல் வளரும். சூடு இருக்கிற வரைக்கும் கம்முனு ஒட்டிக்கிட்டிருக்கும். ஆறும்போதுதான் வம்பு. உள்ள இருக்கிறது சரசரன்னு சுருங்கும், மேல்தோலால அந்த அளவுக்குச் சுருங்க முடியாது. வெடிச்சு உதிர்ந்துடும். உன் கோபம் மாதிரிதான். ஏறும்போது தொல்லை இல்ல, ஆறும்போதுதான் ஒவ்வொன்னா உதிரும்."

அன்று அவள் கரண்டியை ஓங்கினாள், அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

டிக்.

அவன் காதடியிலிருந்து தோள்வரை, மயிரிழை அகலத்தில் ஒரு கோடு. ரத்தம் வரவில்லை. கோட்டைச் சுற்றித் தோல் மஞ்சளாகி, ஊதாவாகி, நீலமாகியிருந்தது, அடுப்பில் மறந்துபோன எவர்சில்வர் பாத்திரத்தின் அடி போல.

"என்னங்க."

"குளிருதும்மா."

உதடு அசையவில்லை. குரல் வந்தது நெஞ்சுக்குள்ளிருந்து.

ஈரத்துணியை வீசி எறிந்தாள். போர்வை, கம்பளி, பீரோவிலிருந்த புடவைகள், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவன்மேல் போட்டாள். நான்தான் ஆற வைத்தேன், நான்தான்.

டிக். டிக்டிக்.

"குளிருது."

இப்போது வயிற்றிலிருந்து. சன்னமாக. குழந்தைக் குரல் போல.

தன் உடம்புச் சூட்டையாவது கொடுப்போம் என்று அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முட்டை ஓடு நொறுங்குகிற மாதிரி நெஞ்சு உள்ளே போனது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அதே மீசை. மூடிய இமைகள்.

அவள் கை உள்ளே இறங்கியது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. ஒன்றுமே இல்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும்.

ஆழத்தில் ஏதோ அவளைத் தொட்டது.

ஐந்து விரல்கள். அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. பிறந்த குழந்தையின் பிடி.

வாசலில் நர்ஸின் செருப்புச் சத்தம்.

"வண்டி வந்துடுச்சுக்கா. சூடு இறங்கிடுச்சா?"

அவள் கையை வெளியே இழுத்தாள். பிடி விடவில்லை. பிடித்த கை மட்டும், ஆற ஆற, சுருங்கிக்கொண்டே இருந்தது.