பாதி வாக்கியத்தில் உறங்கிய கணினி

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஏரியிலிருந்து எடுத்த சைமாவின் உடலைப் படகுத்துறைப் பலகைகளின் மேல் கிடத்தியபோது நன்றாக இருட்டிவிட்டது. நவம்பர் மாதம். ஏரியின் ஓரத்தில் மெல்லிய பனிப்படலம் பிடித்திருந்தது. மரங்களுக்கிடையே கோடைவீட்டின் ஜன்னல்களில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே யாரோ அவளுக்காகக் காத்திருப்பதைப் போல.

காவல் ஆய்வாளர் ஹில்க்கா வீட்டுக்குள் போனார். மின் ஹீட்டரைத் தொட்டார், சுட்டது. சுவரைத் தொட்டார், பனிக்கட்டியாகச் சில்லிட்டது. சமையலறை மின் அடுப்பிலிருந்த கடிகாரம் நேரத்தைக் காட்டாமல் பூஜ்யங்களை மினுக்கியது.

சைமாவின் கணவர் ரௌனோ நிதானமாகப் பேசினார். வெள்ளிக்கிழமை காலை அவர் குவோப்பியோ நகரத்துக்குக் கிளம்பியபோது, சைமா மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாளாம். இன்று நான்கு மணிக்குத் திரும்பியபோது விளக்கு எரிந்ததாம். கூப்பிட்டும் பதில் இல்லையாம். பிறகுதான் ஏரியில் அவளைப் பார்த்திருக்கிறார்.

"பொண்ணுகூட ஃபோன்ல சண்டை. அதுலேர்ந்தே அவ சரியா இல்லை," என்றார்.

அந்தப் பெண், சைமாவின் முதல் திருமணத்து மகள் வில்யா, கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றிருந்தாள். இனிமேல் உன்னோடு பேச மாட்டேன் என்று வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னவள். ஹில்க்காவிடம் மெல்லக் கேட்டாள்: "நான் சொன்னதாலதான் அம்மா தண்ணிக்குள்ள இறங்கினாங்களா?"

ஹில்க்கா அறைக்குள் திரும்பிப் பார்த்தார். மேசையில் சைமாவின் மடிக்கணினி திறந்தபடி, இருண்ட திரையோடு இருந்தது. சார்ஜர் சுவரில் செருகியிருந்தது.

"ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் போயிருக்கா," என்றார் ரௌனோ. "அவ பழக்கம் அது."

வில்யா தலையசைத்தாள். அரைத்தூக்கம் போடும் மெஷினை நம்பவே மாட்டேன் என்பாளாம் அம்மா. கடைக்குப் போவதென்றாலும் சேமித்து, ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாளாம்.

ஹில்க்கா கையுறை விரலால் பொத்தானை அழுத்தினார். வில்யா கடவுச்சொல்லைச் சொன்னாள். திரை வெளுத்தது. பாதி மொழிபெயர்த்த ஒரு பக்கம். அதன் கடைசி வரி: *அவள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது*

அதற்குப் பக்கத்தில் சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த சொல் இதோ விழப்போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழவில்லை.

காவலர் ஒஸ்ஸி தொண்டையைச் செருமினான். "இது ஷட்டவுன் ஆகலை, ஹில்க்கா. ஹைபர்னேட் ஆயிருக்கு. கரடி குளிர்காலத்துல படுத்துக்குற மாதிரி. பேட்டரி தீரப்போகுதுன்னா, திறந்திருக்கறதை அப்படியே பத்திரப்படுத்திட்டுத் தானாத் தூங்கிடும்."

"சார்ஜர் செருகித்தானே இருக்கு. பேட்டரி எப்படித் தீரும்?"

ஒஸ்ஸி கணினியின் பதிவுகளைத் தேடினான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வருவது நின்றிருந்தது. மதியம் பேட்டரி தீர்ந்து கணினி உறங்கியிருந்தது. இப்போது பேட்டரி பாதிக்கு மேல் ஏறியிருந்தது; அந்தக் கணக்குப்படி மின்சாரம் திரும்பியது இன்று நான்கு மணி வாக்கில். ஹில்க்கா மின் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டார். இரண்டு நாளாக அந்தக் கரையில் எங்கும் மின்தடை இல்லை.

ஐந்தே முக்கால். சமையலறையில் ரௌனோவுக்கு எதிரே அமர்ந்து, காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார் ஹில்க்கா.

"நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"பத்து இருக்கும்."

"கிளம்பறப்போ என்னென்ன செஞ்சீங்க?"

"எப்பவும் செய்யறதுதான். தண்ணிப் பம்பை நிறுத்தினேன். கணப்புல நெருப்பு இருக்கான்னு பார்த்தேன். மெயின் சுவிட்சை…"

கோப்பை உதட்டருகே நின்றது.

"மெயினை அணைச்சீங்க," என்றார் ஹில்க்கா. "நானும் எங்க கோடைவீட்டுல அதைத்தான் செய்வேன். யோசிக்காமலே கை போயிடும். ஆனா அது கடைசியாக் கிளம்புற ஆள் செய்யற வேலை. உள்ள பொண்டாட்டி உட்கார்ந்து எழுதிட்டிருந்தா, அவளை இருட்டுலயும் குளிர்லயும் விட்டுட்டு யாரும் மெயினை அணைக்க மாட்டாங்க. இந்த வீட்டுல இனிமே யாரும் இல்லைன்னு உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு."

"அவளே அணைச்சிருக்கலாம்."

"அப்படின்னா நீங்க வந்தப்போ வீடு இருட்டா இருந்திருக்கும். விளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே. கரண்ட் திரும்பினது இன்னிக்கு நாலு மணிக்கு. அப்போ இங்க உயிரோட இருந்தது நீங்க ஒருத்தர்தான். உள்ள வந்ததும் மெயினைப் போட்டீங்க. அதுவும் பழக்கம்."

ரௌனோ கோப்பையைக் கீழே வைத்தார். "வீட்டை வித்துடலாம்னுதான் கேட்டேன்," என்றார். "ஒரு நிமிஷம் துறைக்கு வான்னு கூப்பிட்டேன். வந்தா. நான் பேசப் பேச ஏரியையே பார்த்துட்டு நின்னா. ஒரே தள்ளு."

ஒஸ்ஸி அவரை வண்டிக்கு அழைத்துப் போனான். ஹில்க்கா மேசையருகே வந்தார். வில்யா இன்னும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா சாகறதுக்காக எழுந்து போகலை, வில்யா. கடைக்குப் போனாலே அணைச்சுட்டுப் போறவங்க, வாக்கியத்தைப் பாதியில விட்டிருக்காங்க. உடனே திரும்பி வரத்தான் நினைச்சிருக்காங்க."

வில்யா முதல் முறையாக அழுதாள். வெளியே ஏரியில் பனி இறுகும் ஓசை, யாரோ பலகைகளில் நடப்பதைப் போலக் கேட்டது.

திரும்பி வந்த ஒஸ்ஸி பக்கத்தைச் சேமித்துவிட்டுத் தயங்கினான். "இதையும் எடுத்துட்டுப் போகணும். ஷட்டவுன் பண்ணவா, இல்லை தூங்க வைக்கவா?"

"தூங்கட்டும்," என்றாள் வில்யா. "அம்மா இன்னும் முடிக்கலை."